மென்பொருள் நேர்காணல்களில் தொடர் நிராகரிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மென்பொருள் பொறியாளர் வேலைக்குப் பல நேர்காணல்களுக்குச் சென்றும் தேர்வாகாதவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும், நேர்காணல் மேசையின் இரு பக்கமும் உட்கார்ந்து பழகிய ஒருவரின் பதில்களும் கீழே உள்ளன.

இத்தனை நிறுவனங்கள் வேண்டாம் என்றுவிட்டன. எனக்குத் திறமை இல்லை என்றுதானே பொருள்?

அந்த முடிவுக்கு வர நிராகரிப்புகளின் எண்ணிக்கை மட்டும் போதாது. ஐந்து சுற்றுகள் கொண்ட ஒரு தேர்வில், ஒவ்வொரு சுற்றையும் தாண்ட உங்களுக்கு நூற்றுக்கு எழுபது வாய்ப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். எழுபது என்பது நல்ல தேர்ச்சிதான். ஆனால் ஐந்தையும் தாண்டி வேலை பெறும் வாய்ப்பு, 0.7-ஐ ஐந்து முறை பெருக்கினால் கிடைப்பது, அதாவது ஏறக்குறைய 17 விழுக்காடு. அப்படிப்பட்ட ஒருவர் ஆறு நிறுவனங்களுக்குச் சென்றால் ஆறிலும் வெறுங்கையோடு திரும்புவதற்கு மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அவரை யாரும் திறமையற்றவர் என்று சொல்ல முடியாது. இதே கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும்: சுற்றுக்கு எழுபது என்பது எண்பதாக உயர்ந்தால், மொத்த வாய்ப்பு 17-இலிருந்து 33 விழுக்காடாக, ஏறத்தாழ இரு மடங்காக ஆகிவிடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் செய்யும் சிறு திருத்தத்துக்கு இவ்வளவு பலன் இருப்பதால்தான், எல்லாமே அதிர்ஷ்டம் என்று சொல்லி ஒதுங்கிவிடுவதையும் நான் ஏற்பதில்லை.

நேர்காணல் என்ற அளவுகோலே அவ்வளவு துல்லியமானதும் இல்லை. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து 2020-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், கணினி அறிவியல் மாணவர்கள் 48 பேருக்கு வெள்ளைப்பலகையில் தீர்க்க ஒரு நிரலாக்கக் கணக்கைக் கொடுத்தார்கள். ஒரு பிரிவினர் தனியறையில் எழுதினார்கள். மற்றொரு பிரிவினர் நேர்காண்பவர் பார்த்துக்கொண்டிருக்க, யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லியபடி எழுதினார்கள். பார்க்கப்பட்டவர்களின் செயல்திறன் மற்றவர்களுடையதில் பாதிக்கும் கீழே இருந்தது. கணக்கு மாறவில்லை, சூழல் மட்டுமே மாறியது. ஆகவே உங்கள் நேர்காணல் முடிவில் ஒரு பகுதி உங்கள் திறனையும், இன்னொரு பகுதி அந்தச் சூழலில் நீங்கள் எப்படி இயங்கினீர்கள் என்பதையும் காட்டுகிறது. இரண்டாவதையும் பழக்கத்தால் சரிசெய்யலாம்.

மேக் கணினிகளில் மென்பொருள் நிறுவப் பரவலாகப் பயன்படும் ஹோம்ப்ரூவை உருவாக்கிய மேக்ஸ் ஹவல், இருமக் கிளை மரத்தை (binary tree, ஒவ்வொரு முனையிலும் அதிகபட்சம் இரு கிளைகள் பிரியும் தரவு அமைப்பு) தலைகீழாக்கத் தெரியாததால் கூகுள் தம்மைத் தேர்வுசெய்யவில்லை என்று 2015-இல் ட்விட்டரில் எழுதியது பலருக்கு நினைவிருக்கலாம். இதை ஆறுதலாக எடுத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் மரக் கணக்குகள் வீண் என்ற பாடத்தை அதிலிருந்து எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கணக்கு சில வரிகளில் முடியும், தன்னைத்தானே அழைத்துக்கொள்ளும் மறுசுழல் நிரல்தான். கேட்கப்படும் என்று தெரிந்தால் ஒரு மாலையில் கற்றுக்கொள்ளலாம்.

எங்கே தவறுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எத்தனை முறை நிராகரிக்கப்பட்டீர்கள் என்பதைவிட, எந்தக் கட்டத்தில் நின்றுபோகிறீர்கள் என்பதுதான் உங்களுக்குப் பயன்படும் தகவல். ‘பத்து இடத்தில் தோல்வி’ என்று மனம் ஒட்டுமொத்தமாகச் சொல்லும். ஒரு தாளில் பிரித்து எழுதிப் பார்த்தால், அந்தப் பத்தில் ஆறு பேர் விண்ணப்பத்துக்குப் பதிலே போடவில்லை, இரண்டு இணையத் தேர்வோடு நின்றன, இரண்டு இறுதிச் சுற்றில் முடிந்தன என்று தெரியவரும். இவை மூன்றும் மூன்று வெவ்வேறு சிக்கல்கள், மூன்றுக்கும் மருந்து வேறு.

விண்ணப்பத்துக்குப் பதிலே வரவில்லை என்றால், கோடிங் பயிற்சியை எவ்வளவு கூட்டினாலும் பயன் இல்லை, ஏனென்றால் உங்கள் நிரலை இன்னும் யாருமே பார்க்கவில்லை. அங்கே பார்க்க வேண்டியது ரெஸ்யூமை. ‘பல்வேறு தொழில்நுட்பங்களில் பணியாற்றிய அனுபவம்’ என்ற வரி, படிப்பவருக்கு எதையும் சொல்வதில்லை. ‘ஆர்டர் தேடல் பக்கத்தில் மெதுவாக ஓடிய தரவுத்தள வினவலுக்கு இன்டெக்ஸ் சேர்த்து, பக்கம் திறக்கும் நேரத்தை 4 விநாடியிலிருந்து 1 விநாடிக்குள் கொண்டுவந்தேன்’ என்ற வரியைப் படித்தவருக்கு உங்களிடம் கேட்க ஒரு கேள்வி கிடைக்கிறது. அழைப்பு வருவதற்கு அதுவே காரணமாகலாம். அந்த எண் உண்மையானதாக இருக்க வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, நேர்காணலில் அதைத்தான் முதலில் தோண்டுவார்கள். அதோடு, முன்பின் தெரியாத இணையதளத்தில் விண்ணப்பிப்பதைவிட, உள்ளே வேலை செய்யும் ஒருவரின் பரிந்துரையோடு போகும் ரெஸ்யூம் ஒரு மனிதரின் கண்ணில் படும் வாய்ப்பு அதிகம்.

இணையத் தேர்வில் நின்றால் பெரும்பாலும் வேகமும் விளிம்பு நிலைகளும்தான் காரணம்: காலியான உள்ளீடு, ஒரே உறுப்பு, திரும்ப வரும் எண்கள், மிகப் பெரிய எண்கள். மாதிரி டெஸ்ட் கேஸ்கள் (நிரலைச் சோதிக்கும் உள்ளீடுகள்) தேறிவிட்டன என்று சமர்ப்பித்துவிட்டு, மறைந்திருக்கும் கேஸ்களில் மாட்டிக்கொள்பவர்கள் மிகப் பலர். ரெக்ரூட்டருடனான (நிறுவனத்துக்கு ஆள் சேர்ப்பவர்) முதல் தொலைபேசி உரையாடலிலேயே நின்றால், சம்பள எதிர்பார்ப்பு, சேரக்கூடிய தேதி, இருக்கும் ஊர் ஆகியவற்றில் ஏதோ ஒன்று பொருந்தவில்லை என்று கொள்ளலாம். கடைசிச் சுற்று வரை போய்த் திரும்புகிறவர்களின் நிலை வேறு. அவர்களிடம் அடிப்படைத் திறன் இருக்கிறது என்று ஏற்கெனவே பலர் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். சிஸ்டம் டிசைன் (பெரிய மென்பொருள் சேவையை வடிவமைக்கும் சுற்று), அனுபவம் பற்றிய உரையாடல், அல்லது அதே இடத்துக்கு வந்த இன்னொருவர் என்ற மூன்றில் ஒன்றே பெரும்பாலும் குறுக்கே நிற்கிறது.

இதையெல்லாம் நினைவில் வைத்துக்கொள்ள முடியாது. நேர்காணல் முடிந்த ஒரு மணி நேரத்துக்குள், என்ன கேட்டார்கள், எந்த இடத்தில் தடுமாறினேன், எந்த இடத்தில் குறிப்புக் கொடுத்தார்கள் என்பவற்றை உங்களுக்காக மட்டும் எழுதிவையுங்கள். முடிவு தெரியும் முன்பே எழுதுவது நல்லது. முடிவு வந்தபின் எழுதினால் எல்லாமே மோசமாக நடந்ததாகத் தோன்றும்.

நிறுவனங்கள் காரணமே சொல்வதில்லை. கேட்கலாமா?

கேட்கலாம், ஆனால் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். காரணத்தை எழுத்தில் கொடுத்தால் பாகுபாட்டு வழக்குக்கு இடமாகிவிடுமோ என்ற அச்சத்தால், ‘உங்களைவிடப் பொருத்தமான ஒருவரைத் தேர்ந்தெடுத்துள்ளோம்’ என்ற ஒரே வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்ளும் நிறுவனங்கள் பல. ‘ஏன் நிராகரித்தீர்கள்’ என்று கேட்பதைவிட, ‘அடுத்த முறைக்கு நான் எந்த ஒரு விஷயத்தில் கவனம் செலுத்தலாம்’ என்று ரெக்ரூட்டரிடம் கேட்டால் பதில் வரும் வாய்ப்பு கூடும். தொலைபேசியில் கேட்டால் இன்னும் கொஞ்சம் கூடும். முடிவை மாற்றச் சொல்லி வாதாட வேண்டாம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் விண்ணப்பித்தவர்களுக்குக் கூடுதல் வழி ஒன்று உண்டு. 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கும் தரவுப் பாதுகாப்பு விதிமுறையின்படி, தம்மைப் பற்றி நிறுவனம் வைத்திருக்கும் தனிநபர் தரவின் நகலைக் கேட்கும் உரிமை விண்ணப்பதாரருக்கு இருக்கிறது. நேர்காண்பவர் அவரைப் பற்றி எழுதிய குறிப்புகளும் அதில் அடங்கக்கூடும். பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். அதே நிறுவனத்துக்கு மறுபடி போக விரும்புகிறவர் இதை முதல் ஆயுதமாக எடுக்காமல் இருப்பது நல்லது என்பது என் கருத்து.

லீட்கோடு என்ற நிரலாக்கப் பயிற்சித் தளத்தில் நூற்றுக்கணக்கான கணக்குகள் போட்டுவிட்டேன். ஆனாலும் நேர்காணலில் கை ஓடுவதில்லை. ஏன்?

பெரும்பாலும் இதற்குக் காரணம், ஒரு தீர்வைப் படித்துப் புரிந்துகொள்வதையும் அதைத் தானே எழுதுவதையும் ஒன்றாக எண்ணிவிடுவதுதான். இருபது நிமிடம் முயன்றுவிட்டு, விடை விளக்கத்தைப் பார்த்து, ‘அட, இவ்வளவுதானா’ என்று அடுத்த கணக்குக்குப் போகிறோம். அந்த ‘இவ்வளவுதானா’ என்ற உணர்வுதான் ஏமாற்றுகிறது.

பைனரி சர்ச்சையே எடுத்துக்கொள்ளுங்கள். வரிசைப்படுத்திய பட்டியலின் நடுவைப் பார்த்து, தேடும் எண் சிறியதென்றால் இடப்பாதி, பெரியதென்றால் வலப்பாதி என்று போவது, யாருக்கும் விளக்கிவிடலாம். ஆனால் இந்த முறை முதன்முதலில் 1946-இல் வெளியானது என்றும், எல்லா அளவுப் பட்டியலுக்கும் சரியாக இயங்கும் வடிவம் 1960-இல்தான் வெளியானது என்றும் கணினி அறிவியலாளர் டொனால்ட் நூத் குறிப்பிட்டிருக்கிறார். ஜாவா நிரல்மொழியின் சொந்த நிரலகத்தில் இருந்த பைனரி சர்ச்சில்கூட ஒரு பிழை ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் ஒளிந்திருந்தது. அதை எழுதிய ஜோஷுவா பிளாக்கே 2006-இல் அதைப் பற்றி எழுதினார். கீழெல்லையையும் மேலெல்லையையும் கூட்டி இரண்டால் வகுக்கும் வரியில், கூட்டுத்தொகை 214 கோடியைத் தாண்டினால் எதிர்ம எண்ணாகிவிடும் என்பதே அந்தப் பிழை. வெறும் தாளில் இதை எழுதிப் பாருங்கள். சுழற்சியின் நிபந்தனை ‘சிறியது’ என்பதா, ‘சிறியது அல்லது சமம்’ என்பதா? கீழெல்லையை நடுவுக்கு நகர்த்துவதா, நடுவுக்கு அடுத்த இடத்துக்கு நகர்த்துவதா? முதலாவது தவறினால் பட்டியலில் இருக்கும் எண்ணையே நிரல் தவறவிடலாம், இரண்டாவது தவறினால் இரண்டே உறுப்புகள் மிச்சம் இருக்கும்போது நிரல் முடிவில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கலாம். நேர்காணலில் கை நிற்பது இத்தகைய இடங்களில்தான், அவை விளக்கத்தைப் படிக்கும்போது கண்ணில் படுவதில்லை.

ஆகவே கணக்குகளின் எண்ணிக்கையைக் குறைத்து, திரும்ப எழுதுவதைக் கூட்டுங்கள். முப்பது நாற்பது நிமிடம் முயன்றும் வரவில்லை என்றால் தீர்வைப் பாருங்கள், தவறில்லை. பிறகு அதை மூடிவிட்டு வெற்றுப் பக்கத்தில் நீங்களே எழுதுங்கள். இரண்டு மூன்று நாள் கழித்து ஒருமுறை, ஒரு வாரம் கழித்து இன்னொருமுறை பார்க்காமல் எழுதுங்கள். படித்ததையே மீண்டும் படித்தவர்களைவிட, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருந்தது என்று உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-இல் காட்டியது இங்கேயும் பொருந்தும். ஹேஷ் மேப் (ஒரு மதிப்பு ஏற்கெனவே வந்ததா என்று உடனே தேடித் தரும் அமைப்பு), இரு சுட்டிகள், ஸ்லைடிங் விண்டோ, மரத்திலும் கிராஃபிலும் அகலவாரி ஆழவாரித் தேடல், ஹீப், எளிய டைனமிக் புரோகிராமிங் ஆகிய அடிப்படை உத்திகளும் தரவு அமைப்புகளும் கைவசம் இருந்தால் பெரும்பாலான நேர்காணல்களுக்குப் போதும். போட்டி நிரலாக்கக்காரர்கள் பேசும் அரிய தரவு அமைப்புகளுக்குப் பின்னால் ஓடுவது அநேகமாக நேர விரயம்.

வீட்டில் வருகிறது, ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால் மூளை உறைந்துவிடுகிறது. என்ன செய்வது?

மேலே சொன்ன 2020 ஆய்வு அளந்தது இதைத்தான். தனியாகப் போடும் கணக்குகள் இதற்குப் பயிற்சி ஆகாது. யாராவது பார்க்க, வாய்விட்டுப் பேசிக்கொண்டே எழுதிப் பழக வேண்டும். வேலை தேடும் இன்னொருவரோடு வாரம் ஒருமுறை மாறி மாறி மாதிரி நேர்காணல் நடத்துங்கள். நீங்கள் கேட்பவராக இருக்கும் முறையில்தான் அதிகம் கற்பீர்கள் என்பது பலர் எதிர்பாராத ஒன்று: எதிரே இருப்பவர் ஐந்து நிமிடம் பேசாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தால் அவரை மதிப்பிட உங்கள் கையில் ஒன்றுமே இல்லை என்பது அங்கே உட்கார்ந்தால்தான் தெரியும்.

கேள்வியைக் கேட்டதும் எழுதத் தொடங்காதீர்கள். ‘பட்டியல் வரிசைப்படுத்தப்பட்டிருக்கிறதா? எதிர்ம எண்கள் வருமா? காலியாக இருந்தால் என்ன திருப்ப வேண்டும்?’ என்று கேளுங்கள். அதன்பின் மனதில் முதலில் வரும் மெதுவான வழியையே சொல்லி, அதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதையும் சொல்லிவிடுங்கள். ஒன்றுமே இல்லாத பலகைக்கு அது எவ்வளவோ மேல். யோசிக்க அமைதி தேவைப்பட்டால், ‘ஒரு நிமிடம் யோசித்துவிட்டுச் சொல்கிறேன்’ என்று கேட்டு வாங்குங்கள், யாரும் மறுப்பதில்லை. நேர்காண்பவர் ‘இந்த எண்ணை முன்பே பார்த்திருக்கிறோமா என்று எப்படித் தெரியும்?’ என்பதுபோல் எதையாவது கேட்டால், பெரும்பாலும் அது உங்களை ஹேஷ் மேப்பை நோக்கித் தள்ளும் குறிப்பு. அதைத் தாக்குதலாக எண்ணித் தன் வழியைத் தற்காத்துப் பேசுகிறவர்கள், கணக்கைவிட அந்தப் பேச்சினாலேயே வாய்ப்பை இழப்பதைப் பார்த்திருக்கிறேன்.

சிஸ்டம் டிசைன் சுற்றில் எதை எதிர்பார்க்கிறார்கள்?

மனப்பாடம் செய்த படத்தை வரைவதை எதிர்பார்ப்பதில்லை. ‘நீண்ட இணைய முகவரியைக் குறுக்கித் தரும் சேவையை வடிவமையுங்கள்’ என்ற பழகிய கேள்விக்கு, கேள்வி முடியுமுன் காஃப்கா, ரெடிஸ் என்று மென்பொருள் கருவிகளின் பெயரில் பெட்டிகளை வரையத் தொடங்குகிறவர் அநேகமாகத் தேறுவதில்லை. முதலில் அளவைக் கேட்க வேண்டும். மாதம் 10 கோடி புதிய முகவரிகள் என்றால், விநாடிக்கு ஏறக்குறைய 40 எழுதுதல்கள்தான்; ஒரு சாதாரணத் தரவுத்தளமே தாங்கும். எழுத்துகளும் எண்களுமாக 62 குறிகளைக் கொண்டு ஏழு இடக் குறியீடு வைத்தால் சுமார் 3.5 லட்சம் கோடி முகவரிகள் கிடைக்கும். அதே வேகத்தில் போனால் தீர ஏறக்குறைய 2,900 ஆண்டுகள் ஆகும். எழுதுவதைவிடப் படிப்பது பல மடங்கு அதிகம் என்பதால் கேச் (அடிக்கடி கேட்பவற்றைக் கைக்கெட்டும் இடத்தில் வைக்கும் தற்காலிகச் சேமிப்பு) தேவைப்படுவது படிக்கும் பக்கத்தில் என்பது அடுத்துத் தானாக வரும். இப்படி ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு காரணம் சொல்லி, எதை விட்டுக்கொடுத்து எதைப் பெறுகிறோம் என்று பேசுவதைத்தான் இந்தச் சுற்றில் மதிப்பிடுகிறார்கள்.

‘சக ஊழியரோடு கருத்து வேறுபட்ட தருணத்தைச் சொல்லுங்கள்’ போன்ற கேள்விகளுக்கு?

நான்கைந்து உண்மை நிகழ்வுகளை முன்கூட்டியே எழுதி, இரண்டு நிமிடத்தில் சொல்லிப் பழகுங்கள். ‘நாங்கள் செய்தோம்’ என்று முழுக்கப் பேசினால் உங்கள் பங்கு என்ன என்பது தெரியாமலே போகும். அடக்கம் நல்லதுதான், ஆனால் அந்த ஒரு மணி நேரம் ‘நான்’ என்று சொல்லக் கூச வேண்டாம். முந்தைய மேலாளரைக் குறை சொல்வது மட்டும் எந்த நிலையிலும் உதவாது.

நிராகரிப்பு மின்னஞ்சல் வந்த அன்று எதையும் செய்யத் தோன்றுவதில்லை.

அன்று எதையும் செய்ய வேண்டியதில்லை. அன்றிரவே இன்னும் இருபது இடங்களுக்கு ஆத்திரத்தோடு விண்ணப்பிப்பதும், வேலை கிடைத்தவர்களின் லிங்க்ட்இன் பதிவுகளை உருட்டிக்கொண்டிருப்பதும் அடுத்த நேர்காணலைத்தான் கெடுக்கும்.

எழுதிப் பார்ப்பதில் பலன் உண்டு. கணினி நிறுவனம் ஒன்றில் வேலை இழந்தவர்களை வைத்து ஸ்பெரா, பூர்ஃபைண்ட், பென்னிபேக்கர் ஆகியோர் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், வேலை இழப்பு பற்றிய தங்கள் உணர்வுகளைத் தொடர்ந்து ஐந்து நாள், நாளுக்கு 20 நிமிடம் எழுதியவர்களுக்கு மற்றவர்களைவிட விரைவில் வேலை கிடைத்தது. அவர்கள் கூடுதலாக விண்ணப்பிக்கவில்லை என்பதுதான் சுவையான செய்தி. கோபத்தை முன்பே தாளில் கொட்டிவிட்டதால் நேர்காணலில் அது தலைகாட்டவில்லை என்பதே இதற்குத் தரப்படும் விளக்கம். சிறிய ஆய்வுதான், ஆனால் முயன்று பார்க்கச் செலவு ஏதும் இல்லை. இந்த எழுத்தையும், தொழில்நுட்பக் குறிப்புகளையும் ஒரே நோட்டில் கலக்காதீர்கள்.

தூக்கம் கெடுவது, சாப்பாடு பிடிக்காமல் போவது, யாரையும் பார்க்க விரும்பாமல் இருப்பது ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், அது நேர்காணல் சிக்கலைத் தாண்டிப் போய்விட்டது. மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பார்க்க வேண்டும். வாழ்வதே வேண்டாம் என்று தோன்றினால் இரண்டு வாரம் காத்திருக்காமல் அன்றே நெருங்கிய ஒருவரிடம் சொல்லி உதவி நாடுங்கள்.

நிராகரித்த நிறுவனத்துக்கே மறுபடி விண்ணப்பிக்கலாமா?

தாராளமாக. பல பெரிய நிறுவனங்கள் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை இடைவெளி கேட்கின்றன. எவ்வளவு என்பதை ரெக்ரூட்டரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மறுபடி போகும்போது, முன்பு எழுதிவைத்த குறிப்பைப் பார்த்து, அந்தத் தடுமாற்றம் தீர்ந்துவிட்டதா என்று சரிபார்த்துவிட்டுப் போங்கள்.

நேர்காணலின்போது ஏஐ கருவியை மறைவாகப் பயன்படுத்தினால் என்ன?

செய்யாதீர்கள். திரையைப் படிக்கும் கண்ணின் அசைவும், கேள்விக்கும் பதிலுக்கும் இடையே ஒரே அளவில் வரும் தாமதமும், ‘இந்த வரியை ஏன் இப்படி எழுதினீர்கள்’ என்ற கேள்விக்கு வரும் மௌனமும் சீக்கிரமே காட்டிக்கொடுத்துவிடும். சில நிறுவனங்கள் ஏஐ உதவியை வெளிப்படையாகவே அனுமதிக்கத் தொடங்கியுள்ளன, ஆகவே முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பயிற்சியின்போது பயன்படுத்துவது வேறு விஷயம்: நீங்கள் எழுதிய நிரலைக் கொடுத்து அதை உடைக்கும் டெஸ்ட் கேஸ்களைக் கேட்டால் நல்ல பயன் கிடைக்கும்.

எவ்வளவு காலம் இப்படியே முயல்வது? எப்போது வழியை மாற்ற வேண்டும்?

நிற்கும் கட்டம் நகர்கிறதா என்று பாருங்கள். போன காலாண்டில் இணையத் தேர்வில் நின்றவர் இப்போது இரண்டாம் கோடிங் சுற்றில் நிற்கிறார் என்றால், கையில் வேலை இல்லாவிட்டாலும் பயிற்சி வேலை செய்கிறது. அதை மாற்ற வேண்டாம். மாதக்கணக்கில் ஒரே கட்டத்தில் நின்றால், உழைப்பின் அளவைக் கூட்டுவதைவிட அதன் வகையை மாற்ற வேண்டும். விருப்பமான நிறுவனங்களைச் சிறிது தள்ளிவைத்து மற்றவற்றுக்கு முதலில் போவது, கேட்கும் பதவி நிலையை ஒரு படி இறக்குவது, வெள்ளைப்பலகைக் கணக்குக்குப் பதிலாக வீட்டிலிருந்து செய்துதரும் சிறு பணியையோ, சேர்ந்து உட்கார்ந்து பிழை திருத்துவதையோ வைக்கும் நிறுவனங்களைத் தேடுவது போன்றவை முயலத்தக்கவை.

இதோடு, சோதனைத் தானியங்கல் (test automation), தரவுப் பொறியியல், வாடிக்கையாளர் சார்ந்த தொழில்நுட்ப ஆதரவு போன்ற அண்டைப் பணிகளின் நேர்காணல்களில் அல்காரிதம் கேள்விகளின் பங்கு பெரும்பாலும் குறைவு. அங்கே நுழைந்து, அதே நிறுவனத்துக்குள் ஓராண்டு ஈராண்டில் மேம்பாட்டுக் குழுவுக்கு மாறுகிறவர்கள் இருக்கிறார்கள். உள்மாற்றத்தில் உங்கள் வேலையை நேரில் பார்த்த ஒருவர் உங்களுக்காகப் பேசுவார் என்பதால், சுற்றுகள் குறையவும் வாய்ப்புண்டு. ஆனால் உள்மாற்றத்துக்கு எத்தனை மாதப் பணி தேவை, அது எழுத்தில் இருக்கும் விதியா அல்லது மேலாளரின் விருப்பமா என்பதை, வேலையை ஏற்கும் முன்பே கேட்டுவிட வேண்டும்.